எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்க ஒரு நிதி

செய்தி எழுதும்போது நடந்தது முதல் வரியில் வரவேண்டும். நிதி கேட்டு எழுதும்போது இன்னும் நடக்காதது முதல் வரியில் வரவேண்டும், அதுவும் பாதி நடந்துவிட்டது போன்ற தொனியில். பத்திரிகை ஆபீஸை விட்டு வந்தபிறகு இந்த இரண்டாவது எழுத்தை நான் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த, மாதச் சம்பளம் இல்லாத ஒருவனுக்குப் பெங்களூரில் இந்த வேலை எப்போதும் கிடைக்கும். சின்னப் பள்ளிக்கூடங்கள், சர்ச் அறக்கட்டளைகள், வாடகைக் கட்டடத்தின் மாடியில் இயங்கும் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் யாராவது எழுதித்தர வேண்டியிருக்கிறது.

அப்படித்தான் அந்த டீச்சர் எனக்குப் பழக்கமானார். ஜீவனஹள்ளியில் குடியிருப்பவர். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஐம்பதைத் தாண்டிய வயது. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டைப்பையில் இருக்கும் பேனாவைப் பார்த்துப் பேசுவார். நான் அவரை மிஸ் என்றேன், அவர் என்னை சார் என்றார். கடைசிவரை அப்படியேதான்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அதை முதல் சந்திப்பிலேயே, நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"பாடத்துல ஒரு ஆக்டிவிட்டி வருது சார். உங்க ஊரோட வரலாறை எழுதுன்னு. எல்லாப் பிள்ளைங்களும் ஒரே கோட்டையைப் பத்தி கைடுல இருந்து காப்பி அடிச்சுக்கினு வருதுங்க. அந்தக் கோட்டையை ஒண்ணுகூடப் பாத்ததில்ல. டெய்லி பாக்கறது மார்க்கெட்டு, கல்லறை, தண்ணி லாரி. அதை எழுதுன்னா, 'அது பாடத்துல இல்லியே மிஸ்'ங்குது."

"பிள்ளைங்க அப்படித்தானே சொல்லும்."

"பிள்ளைங்க சொன்னா பரவாயில்ல. டீச்சருங்களே சொல்றாங்க. டிரெய்னிங் வேண்டியது அவங்களுக்குத்தான்."

அவர் நடத்த நினைத்தது ஆசிரியர்களுக்கான ஒரு பட்டறை. தாங்கள் வேலைபார்க்கும் பகுதியையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு வரலாறும் மொழியும் சொல்லித்தரப் பழகுவது. தெருவில் நடப்பது, வீட்டு வாசலில் நின்று கேட்பது, கேட்டதை வகுப்புக்குக் கொண்டுபோவது. இதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நான்தான் அவருக்குச் சொன்னேன். "இதுக்கு இவ்ளோ பெரிய பேரா" என்றார்.

முதல் வருடம் ஒரு சர்ச் அறக்கட்டளை சிறு தொகை கொடுத்தது. டிபனுக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருந்தது. பள்ளி அரைநாளோடு முடியும் சனிக்கிழமைகளில் கூடினார்கள். கன்னட மீடியம் பள்ளியிலிருந்து சிலர், உருதுப் பள்ளியிலிருந்து ஒருவர், தெருவோரத் தனியார் பள்ளிகளிலிருந்து இரண்டு மூன்று இளம்பெண்கள். டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தது மர்பி டவுனில் ஒரு சந்து. ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய ஓட்டு வீடுகள், அவற்றில் சில மாடி ஏறிவிட்டிருந்தன. பெரும்பாலும் வட ஆற்காடு பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள். நான் குறிப்பெடுப்பதற்காகக் கூடப் போனேன்.

வீட்டு வாசலில் காலையில் இட்லி சுட்டு விற்கும் ஓர் அம்மா அந்தச் சந்தில் இருந்தார். நாங்கள் போனபோது கடை முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரிடம், குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டார். உள்ளேயிருந்து அவருடைய வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "எங்கப்பாரு குடியாத்தம் பக்கம். துரை வீட்டுல பட்லரா வந்தாரு" என்றார்.

இட்லிக்கார அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பட்லரு. பட்டாளத்துக் குதிரைக்குப் புல்லு அறுத்துப் போட வந்தவரு. பட்லருன்னு பொண்ணு பாக்க வந்தப்போ சொன்னாங்க. அதை நம்பிதான் எங்கப்பா என்னை இங்க தள்ளிட்டாரு."

"புல்லு அறுத்தது மொதல்ல. அப்புறம் பட்லரு."

"எப்போ, செத்தப்புறமா?"

சந்தே சிரித்தது. எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து, தன் தாத்தா அதே பட்டாளத்தில் தோல்பையில் தண்ணீர் சுமந்தவர் என்றார். உருதுப் பள்ளி ஆசிரியை, தன் வீட்டிலும் குதிரை லாயத்தில் வேலை செய்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்வார்கள் என்றார். அந்த மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்களா என்று ஒரு பேச்சு கிளம்பி, யார் யாரோ வந்து சேர்ந்து, வெயில் தாழ்ந்தபிறகும் யாரும் கலையவில்லை. கன்னட மீடியம் ஆசிரியை ஒருவர் அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தன் வகுப்பில் இதே கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தாராம். எப்போதும் எதையும் எழுதி வராத பிள்ளைகள் எழுதி வந்தார்களாம்.

அந்த வருடத்தோடு அறக்கட்டளைப் பணம் தீர்ந்தது. அப்போதுதான் வேறொரு பெரிய நிதி நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. ஆசிரியர்களுக்கான இத்தகைய பட்டறைகளுக்கே மூன்று வருடத்துக்கு உதவி. கிடைத்தால் ஒவ்வொரு பகுதியாகப் போகலாம், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஆளெடுக்கலாம். ஆசிரியர்களைப் பணியாகவே அனுப்பிவைக்கும் ஓ.ஓ.டி. உத்தரவைக் கல்வி அலுவலகத்திலிருந்து முறையாக வாங்கலாம். அது இல்லாமல் எந்த ஆசிரியரும் வேலைநாளில் வரமுடியாது. கிடைக்காவிட்டால் சனிக்கிழமைக் கூட்டம் தானாகக் கலைந்துபோகும்.

"இது வரலன்னா எனக்கு ரிட்டயர் ஆகற வரைக்கும் மார்க் என்ட்ரிதான் சார்" என்றார் டீச்சர். இதைச் சோகமாகச் சொல்லவில்லை. கால அட்டவணையைப் படிப்பதுபோலச் சொன்னார்.

விண்ணப்பத்தை அவருடைய பள்ளி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினோம். நான் எழுத, அவர் அச்செடுத்த தாளைப் படித்துத் திருத்தினார்.

"மார்ஜினலைஸ்டுன்னு எத்தனை தடவை போட்டிருக்கீங்க?"

"அவங்களுக்கு அது பிடிக்கும் மிஸ்."

"இதைப் படிச்சா இட்லிக்கார அம்மா இனிமே நமக்கு இட்லி குடுக்க மாட்டாங்க."

"அவங்க எங்க இதைப் படிக்கப் போறாங்க?"

"அதைத்தான் சொல்றேன்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒதுக்கப்பட்டவர்கள் என்ற அந்த வார்த்தையை இரண்டு இடத்தில் அடித்துவிட்டு மற்ற இடங்களில் விட்டுவைத்தார். அவருக்கும் பணம் வேண்டும்.

முதல் சுற்றில் தேர்வானோம். அடுத்தது, நிறுவனத்தின் அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதிகாரி அந்தப் பகுதி மக்களோடு நேரடியாகப் பேசுவார், நடத்துபவர்கள் முன்கூட்டிப் போய் மக்களைத் தயார்ப்படுத்தக் கூடாது. நியாயமான நிபந்தனை. இந்த மாதிரி வருகைகளில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன்.

அதிகாரி வருவதற்கு முன்னால் அரசுக் கணக்கெடுப்பு வந்தது. வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் கேட்கும் வேலை. வழக்கம்போல ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். பள்ளியை மூடிவிட்டு, ஆளுக்கொரு பையும் அடையாள அட்டையும் கொடுத்து, போனில் ஒரு ஆப்பைப் போட்டுத் தெருவில் இறக்கிவிட்டார்கள். டீச்சருக்கு விழுந்த தெருக்களில் மர்பி டவுனில் நாங்கள் நடந்த சந்தும் ஒன்று.

அடுத்த சுற்றுக்கான ஒரு தாளில் அவர் கையெழுத்தை வாங்க அங்கே போனேன். சந்து முனையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தலைவரின் போனுக்கு ஓ.டி.பி. போயிருந்தது. வீட்டுத் தலைவர் வேலைக்குப் போயிருந்தார்.

"ஓ.டி.பி. வந்துச்சான்னு அவர் சம்சாரம் போன் பண்ணினா, யாரோ பேங்க்ல ஏமாத்தறாங்கன்னு அந்தாளு கட் பண்றாரு. மூணாவது தடவை" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்து இட்லிக்கார அம்மா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பெயர், வயது, படிப்பு, ரேஷன் கார்டு. கேள்விகள் தாய்மொழிக்கு வந்தன.

"எது போட்டா நல்லது டீச்சரம்மா?"

"எது உண்மையோ அது."

"உண்மை எனக்குத் தெரியும். நல்லது எதுன்னு கேக்கறேன்."

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. சந்திலிருக்கும் வீடுகளுக்கு ஹக்குபத்திரம் கிடையாது. நிலம் உங்களுடையது என்று அரசு கொடுக்கும் அந்தத் தாள் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருவதாகச் சொல்லப்பட்டு, வராமல் போய்க்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாதாம், வந்தவர்கள் யார் என்று கணக்கெடுத்துத்தான் கொடுப்பார்களாம் என்று ஒரு பேச்சு அந்த வாரம் சந்தில் ஓடியது. வாக்காளர் பட்டியலில் பெயர் போய்விடும் என்றும் ஒரு பேச்சு. யார் கிளப்பியது என்று கேட்டேன். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள். அதற்கெல்லாம் அடியில், இரு மாநிலத்துக்கும் தண்ணீர்ப் பிரச்சினை வரும் வருடங்களில் தமிழ்க் கடைப்பலகையை மாற்றிவைத்த, பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்த நினைவும் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

டீச்சர் அவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஆப்பில் போட்டார். கதவில் ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு, வேறு குரலில் பேசினார்.

"இங்க பாருங்க. கவர்மென்ட் கேட்டது முடிஞ்சுது. இனிமே யாரு வந்து கேட்டாலும் இந்த ஊருன்னு சொல்லுங்க. எப்ப வந்தீங்கன்னா இங்கதான் பொறந்தோம்னு சொல்லுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல. பழைய கதையை மட்டும் யாருகிட்டயும் எடுக்காதீங்க. டீசன்டா டிரெஸ் பண்ணிக்கினு வருவாங்க, நல்லாப் பேசுவாங்க. எடுக்காதீங்க."

இட்லிக்கார அம்மா தலையாட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் இதையே டீச்சர் சொல்லிக்கொண்டு போனார். நல்ல யோசனை. அந்த இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆசிரியை கணக்கெடுக்க வந்தார். என் பெரியப்பா அவருக்கு காபி கொடுத்து, எங்கள் முன்னோர் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கதையை, அவர் கேட்காமலே, ஆற அமரச் சொன்னார். வந்தவர்கள் என்பதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ள எங்களால் முடிகிறது. எங்கள் வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது.

அதிகாரி வந்த நாள் வெயில் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், தார்வாடு பக்கம். கைத்தறிக் குர்தா, துணிப்பை, கையில் ஒரு டேப்லெட். விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்திருந்தார். பட்டாளக் குதிரைகளையும் புல்லறுத்தவர்களையும் பற்றி நான் எழுதிய பத்தி தனக்கு மிகவும் பிடித்ததாகச் சொன்னார். இப்படி ஒரு தெருவை வைத்து ஆசிரியர்கள் என்னென்ன செய்யலாம் என்று காரிலிருந்து இறங்கியதும் பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எழுதாத யோசனைகள்கூட அவரிடம் இருந்தன.

சந்தில் நுழையும் முன் நான் டீச்சரிடம், "அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கே சார். அதுவுமில்லாம அவங்களுக்குச் சொல்லித்தரணுமா? அவங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுதான் கஷ்டம்."

அதிகாரி இட்லிக்கார அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, கன்னடத்தில், தோழமையாக, உங்கள் குடும்பம் இங்கே எப்போது, எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"நாவு இல்லியவரே மேடம்" என்றார் இட்லிக்கார அம்மா. நாங்கள் இந்த ஊர்தான். அவர் கன்னடம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். சுத்தமாகப் பேசினார்.

அதிகாரி சிரித்து, உங்கள் பெரியவர்கள் காலத்தில் என்றார். அவர்களும் இந்த ஊர்தான். வீட்டில் என்ன பேசுவீர்கள்? கன்னடம். மாமனார் என்ன வேலை செய்தார்? கூலி. என்ன கூலி? கூலிதான் மேடம், எல்லாரும் கூலிதான். அவருடைய வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து, கைகட்டி நின்று, நம்முது இதே ஊரு என்று ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளே போனார். பட்லர் என்ற வார்த்தை வரவில்லை.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இட்லிக்கார அம்மா டீச்சரைப் பார்த்தார். பள்ளி ஆய்வாளர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை, சரியாகச் சொன்னேனா என்று தன் ஆசிரியையைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் மாறியதை நான் பார்த்தேன். தமிழில் சொன்னார்: "அம்மா, அன்னிக்குச் சொன்னீங்களே, உங்க மாமனார் புல்லு அறுக்க வந்த கதை. மேடத்துக்குச் சொல்லுங்க. இவங்க நம்மவங்க."

"எந்தக் கதை டீச்சரம்மா? நமக்கு இன்னா கதை இருக்குது." இட்லிக்கார அம்மா சிரித்தார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார். டீச்சர் மறுபடி வாயெடுக்க, அவர் இன்னும் உறுதியாகத் தலையை ஆட்டினார்.

எதிர்வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு கதவிலும் ஸ்டிக்கர் புதிதாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே பதில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். தோல்பையில் தண்ணீர் சுமந்தவரின் பேரன், தன் தாத்தா எந்த வேலைக்கும் போனதில்லை என்றார். ஒரு தெரு முழுக்கத் தன் வரலாற்றைத் தானே மறுத்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் அதிகாரிக்கு நாற்காலி போட்டார்.

திரும்பி வரும்போது இட்லிக்கார அம்மா டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க. நாங்க யாரும் ஒண்ணும் வுட்டுக்குடுக்கல."

டீச்சர், "சரிம்மா" என்றார்.

சந்து முனையில் டீக்கடையில் நின்றோம். அதிகாரி டேப்லெட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். டீச்சர்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் கன்னடத்தில் சொன்னார். கணக்கெடுப்பு, ஹக்குபத்திரப் பேச்சு, தான் வீடு வீடாகச் சொன்னது எல்லாவற்றையும். மக்கள் பொய் சொல்லவில்லை என்றும், விண்ணப்பத்தில் எழுதியதும் பொய்யில்லை என்றும் சொன்னார். தன் குற்றம் என்றார்.

அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு, நீங்கள் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன் என்றார். நம்புவதால்தான் தனக்கு வழியில்லை என்றார். இந்தக் கேள்வி இந்தத் தெருவுக்கு ஆபத்து என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது, அதைச் சொல்லி எச்சரித்தும் இருக்கிறீர்கள். அதே கேள்வியை மூன்று வருடம் பள்ளிக்குப் பள்ளி, தெருவுக்குத் தெரு கேட்கச் சொல்லி நான் எப்படிப் பணம் கொடுப்பது? ஆசிரியர்கள் கேட்டு எழுதியது நாளை யார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

டீச்சர் என்னைப் பார்த்தார். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பழைய தொழில். ஓட்டை இல்லை.

சில நாள் கழித்து டீச்சர் தனியாக அந்தச் சந்துக்குப் போயிருக்கிறார். அதைப் பிறகுதான் என்னிடம் சொன்னார். வந்தவர் அரசு ஆள் இல்லை, பட்டறைக்கு உதவி செய்ய வந்தவர் என்று விளக்கினாராம். இட்லிக்கார அம்மா, "யாரு வந்து கேட்டாலும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாராம். பிறகு, "இதனால ஒங்களுக்கு எதனா கெட்டுப்போச்சா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க மிஸ்?"

"ஒண்ணும் கெடலன்னேன். வேற என்ன சொல்றது? வீடு போச்சுன்னா அவங்களுக்குத்தான் போகுது. எனக்கு சனிக்கிழமைதான் போகுது."

நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மறுப்பு என்று முதலில் நினைத்தேன். பத்திரிகைப் பழக்கத்தில் கடைசிப் பத்தியை முதலில் படித்தேன். இடத்தை மாற்றினால் உதவி தரத் தயார் என்றிருந்தது. குடியிருப்புப் பகுதியாக இல்லாமல் பொது இடமாக இருக்கட்டும். ஓர் ஏரி, ஒரு பூங்கா. அதோடு ஒரு நிபந்தனை: பங்கேற்கும் ஆசிரியர்கள் அங்கு வாழும் அல்லது வேலை செய்யும் யாரிடமும் பூர்வீகம், மொழி, சாதி பற்றிய கேள்வி கேட்கக் கூடாது. அதிகாரி அதோடு தன் பங்குக்கு நான்கு வரி சேர்த்திருந்தார். அன்பான வரிகள். எங்களுக்காக உள்ளே வாதாடியிருக்கிறார் என்று தெரிந்தது.

டீச்சர் போனில் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன்.

"ஏரிக்கு ஒரு வசதி இருக்குது சார். எங்கருந்து வந்தேன்னு கேட்டா பயப்படாது."

"வேணாம்னு எழுதிடவா?"

மற்ற ஆசிரியர்களைக் கேட்போம் என்றார். சனிக்கிழமை கூடினோம். முன்பு வந்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் உருதுப் பள்ளி ஆசிரியை, "ஏரின்னா ஏரி. ஓ.ஓ.டி. கெடைக்குமில்ல மிஸ்? ஒரு நாளாவது அந்த ஆப்பைத் தொடாம இருக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரும். சிரித்து முடித்தபோது முடிவாகிவிட்டிருந்தது. யாரும் கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை.

புது விண்ணப்பத்தை வீட்டில் ஒரே மூச்சில் எழுதினேன். குதிரைகளையும் புல்லையும் எடுத்துவிட்டுத் தண்ணீரையும் பறவைகளையும் போட்டேன். எடுத்த இடம் தெரியவில்லை. எந்தப் பத்தியையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். டீச்சர் இந்தமுறை திருத்தவில்லை. படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார். பணம் வந்தது.

முதல் அமர்வு அல்சூர் ஏரியில். ஓ.ஓ.டி. உத்தரவு இருந்ததால் கூட்டம் முன்பைவிட அதிகம். பேனர் கட்டியிருந்தார்கள். பறவைகளைப் பற்றி ஒருவரும், நீர் வரும் வழிகளைப் பற்றி ஒருவரும் பேசினார்கள். இருவருமே நன்றாகப் பேசினார்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், படம் எடுத்தார்கள். இந்தக் கரையில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒரு இளம் ஆசிரியை கேட்டார். நீர் பற்றிப் பேசியவர், அது இன்றைய தலைப்பில் வராது என்று சொல்லிவிட்டு, நீர்த்தாவரங்களுக்குப் போனார். டீச்சர் கடைசி வரிசையில் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடம் முழுக்க ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாற்காலியை அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

டிபனுக்குப் பிறகு ஏரியைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். உருதுப் பள்ளி ஆசிரியை அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். முதல் வருடப் பழக்கம் அவருக்குப் போகவில்லை.

"எத்தினி வருஷமா இங்க யாவாரம்மா?"

"கல்யாணம் ஆனதுலருந்தேக்கா. எங்க மாமியாரும் இங்கதான் வித்தாங்க, இதே எடத்துல."

"அப்படியா? அவங்களுக்கு சொந்த ஊரு..."

டீச்சர் பின்னாலிருந்து அவர் தோளில் கைவைத்தார்.

"ஊரெல்லாம் கேக்காதீங்க மிஸ். கடலை மட்டும் வாங்குங்க."

கடலைக்காரப் பெண் பதில் சொல்ல வாயெடுத்திருந்தார். இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தைச் சுருட்டி, கடலையை அளந்து போட்டார்.